வீட்டில் செய்யும் துணி லிக்விட்: செய்முறைக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

சோப்புக் கட்டியைத் துருவி, வெந்நீரில் கரைத்து, இரண்டு கரண்டி சலவை சோடா போட்டால் ஒரு மாதத்துக்கான துணி லிக்விட் தயார் என்று சொல்லும் வீடியோக்களுக்குக் குறைவே இல்லை. வீட்டில் செய்வதைக் குறை சொல்ல முடியாது. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் பவுடர் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்றதுதான் பிறகு நிர்மா ஆனது. ஆனால் அவர் வேதியியல் படித்தவர். அவர் கலந்ததும் துருவிய சோப்பு இல்லை, டிடர்ஜெண்ட், அதாவது செயற்கையாகத் தயாரிக்கும் சலவைப் பொருள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாவது. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால் சோப்பு அவற்றோடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் பிசுக்காகத் திரிந்துவிடும். டிடர்ஜெண்ட் அவ்வளவு எளிதில் திரியாது. தண்ணீரில் உள்ள இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்பார்கள். குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் இதையெல்லாம் சாதாரணமாகத் தாண்டும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பாட்டிலில் பாதிக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து, துருவிய குளியல் சோப்பைக் கொஞ்சம் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை நின்று கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் சரி. நுரை எழும்பாமல், தண்ணீர் கலங்கி, திரிந்த பால் மாதிரி துணுக்குகள் மிதந்தால் அந்தத் தண்ணீருக்குத் துருவிய சோப்பு ஆகாது.

முதல் சில சலவைகளில் இது தெரியாது. துணி மணக்கும், மனசுக்கும் திருப்தியாக இருக்கும். பிசுக்கு நூலுக்குள் மெல்ல மெல்லத்தான் படியும். அப்புறம் துண்டு ஈரத்தை உறிஞ்சாது, வெள்ளைச் சட்டை சாம்பல் பூக்கும், காய்ந்த பனியன் வியர்வை பட்டதுமே நாறும். சந்தேகமாக இருந்தால், துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை ஒரு பக்கெட் வெந்நீரில் சலவை சோடா போட்டு ஊறவையுங்கள். தண்ணீர் பால்போல் ஆனால், துணிக்குள் தங்கியிருந்த பழைய சோப்பு காரணமாக இருக்கலாம்; ஆனால் கடின நீரில் சோடா மட்டும் போட்டாலே தண்ணீர் கலங்கும்.

சலவை சோடா கடினத்தன்மையைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் முதலில் சோடாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துவிட்டுத்தான் சோப்பைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் சோப்பு ஏற்கெனவே திரிந்திருக்கும். ஆப்ப சோடா இந்த வேலையைச் செய்யாது. அதன் காரம் மிகவும் லேசானது. சலவை சோடா கையை அரிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவிக்குப் பயன்படுத்திய உவர்மண்ணில் இருந்ததும் இதே காரம்தான்.

அதே கலவையில் வினிகரையோ எலுமிச்சையையோ ஊற்றுவது அடுத்த தவறு. பொங்கி நுரைப்பது வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் மிச்சம் இருப்பது உப்புத் தண்ணீர்தான். பழத்தோல், வெல்லம், தண்ணீர் போட்டு மூன்று மாதம் புளிக்கவைக்கும் பயோ என்சைமும் அமிலமே; அதையும் சோடாவோடு சேர்க்காதீர்கள். கடை டிடர்ஜெண்டில் உள்ள என்சைம் வேறு வகை. இரத்தக் கறை, பால் கறை, சோற்றுக் கஞ்சிக் கறையைத் துண்டு துண்டாக உடைப்பதற்கென்றே தயாரிப்பது. பிளீச்சிங் பவுடரில் வினிகரோ எலுமிச்சையோ பட்டால் குளோரின் வாயு வரும். இதை மட்டும் விளையாட்டாகக்கூடச் செய்ய வேண்டாம்.

சரி, பூந்திக்கொட்டை? அது நல்ல பொருள். அதன் நுரைக்குக் காரணமான சபோனின் கடின நீரிலும் சோப்பைப் போலத் திரியாது. பட்டுக்கும் கம்பளிக்கும் கடைப் பவுடரைவிட நல்லது, ஏனென்றால் காரமும், புரதத்தை உடைக்கும் என்சைமும் பட்டு நூலைக் கெடுக்கும். ஆனால் மெக்கானிக் சட்டையின் கிரீஸையும் பள்ளிச் சீருடையின் காலர் அழுக்கையும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். பூந்திக்கொட்டை காய்ச்சிய நீரை வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும். ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் பாட்டில் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். இயற்கைப் பொருள்தானே என்று கண்ணில் படவிட்டால் எரிச்சல் தாங்காது.

ஃபிரண்ட் லோட் மெஷின் இருந்தால் துருவிய சோப்பு லிக்விட் வேண்டவே வேண்டாம் என்பேன். அது குறைந்த தண்ணீரில் ஓடும், அதனால் பிசுக்கு டிரம்முக்குப் பின்னாலும் வடிகுழாயிலும் அப்பிக்கொள்ளும். கடையில் பக்கெட் சலவைக்கென்று விற்கும் பவுடரும் இதற்கு ஆகாது. நுரை பொங்கி அலசல் முடியாமல் நிற்கும். அதிக நுரை வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது நம்மிடம் ஊறிய நம்பிக்கை. மூடியில் போட்டிருக்கும் கோடு வரை ஊற்றினால் போதும். பலர் கண்ணளவாகக் கொட்டுவதில்தான் காசு போகிறது.

செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள் கிலோவுக்கு கிலோ ஒப்பிடக் கூடாது. ஒரு சலவைக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள். வீட்டு லிக்விடில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் ஒரு தடவைக்கு அதிகம் ஊற்ற வேண்டும். கூடவே வெந்நீர் வைக்கும் கேஸ் செலவும் இருக்கிறது.

இன்னும் ஒரு படி போய் கெமிக்கல் கடையில் ஆசிட் ஸ்லரி, அதாவது டிடர்ஜெண்ட் செய்யப் பயன்படும் கெட்டியான அமிலம், வாங்கிக் கலக்குபவர்களும் உண்டு. கடினநீரில் நன்றாக வேலை செய்வது இதுதான், ஏனென்றால் கிடைப்பது நிஜ டிடர்ஜெண்ட். ஆனால் ஆசிட் ஸ்லரியும் அதைச் சமன்படுத்தும் காஸ்டிக் சோடாவும் தோலையும் கண்ணையும் எரிக்கும். கலக்கும்போது நன்றாகச் சூடேறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பிளாஸ்டிக் வாளி, திறந்த ஜன்னல் எல்லாம் வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. முடிந்ததும் குளிர்பானப் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.