ஒருநாள் நடைக்குக் கூட்டிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிச்சாவரம் படகுத்துறையில் போன மாதம் ஓர் இளைஞர் மதியச் சாப்பாடு சமைக்கிறவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அக்கா, முப்பதுன்னு சொன்னேன்ல, பதினெட்டுப் பேர்தான் வந்திருக்காங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க." புதுச்சேரியிலிருந்து முதல் தடவையாக ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். அதே துறையில் நின்று அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர் பாட்டிலெல்லாம் உங்களுக்கே தெரியும்.

சாப்பாட்டு ஆள் கணக்கு

நான் ஆரம்பித்தபோது திட்டம் இதுதான். காலையில் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு, அப்புறம் கிள்ளைப் பக்கம் ஊருக்குள் நடை, மதியம் அங்கிருக்கும் பெண்கள் சமைத்த மீன்குழம்புச் சாப்பாடு, சாயங்காலம் சிதம்பரம். 30 பேர் என்று சொல்லியிருந்தேன். முதல்நாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. வந்தது 17 பேர். சாப்பாடு 150 ரூபாய் என்று பேச்சு. 17 பேருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். சாப்பிட்டவர்களுக்குத்தானே பணம் என்று நினைத்தேன். சமைத்த அக்கா பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதம் கூப்பிட்டால் "தோதுப்படாது தம்பி" என்றார். அதற்கடுத்த மாதமும் அதே பதில். நேரில் போனபோது பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். விடியற்காலை ஏலத்தில் 30 பேருக்கு மீன் எடுத்திருக்கிறார்கள், மகளிர் குழுவில் கடன் வாங்கிய காசில். ஏலத்தில் எடுத்த மீனைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? மிஞ்சிய 13 சாப்பாட்டுக்கு 1,950 ரூபாய். வட்டியோடு அதை அடைத்தது அவர்கள். நான் அன்றைக்கு லாபத்தோடு கடலூர் திரும்பியிருந்தேன். பாக்கியைக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த வீட்டில் மறுபடி எங்களுக்குச் சோறு பொங்க வெகுநாள் ஆனது.

ஆகவே, வருகிறவர்களிடம் முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். வராவிட்டால் சாப்பாட்டுப் பணம் திரும்பாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் முன்னால் கடைசி எண்ணிக்கையைச் சொல்லி, பாதிப் பணத்தைக் கையில் கொடுங்கள். அங்கே மீன் ரொக்கத்துக்குத்தான். சொன்ன எண்ணிக்கைக்குக் குறைந்து பேர் வந்தாலும் சொன்னதற்கே பணம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே? அந்த நஷ்டத்தை ஏற்க முடியாதவர் அந்த மாதங்களில் நடை வைக்க வேண்டாம். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க' என்ற சொல்லை இப்போது கேட்டாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. அட்ஜஸ்ட் பண்ணுவது எப்போதும் ஒரே பக்கம்தான்.

நேரத்தை நாமே வைப்பது

போன மாதம் ஒன்பது மணிக்குப் படகு உள்ளே போனது என்றால் இந்த மாதமும் போகும் என்றில்லை. ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்கும் நேரம், நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். குறுகலான வாய்க்காலில் தண்ணீர் வற்றினால் சேறுதான். படகுக்காரரிடம் கேட்டுவிட்டு நேரம் போடுங்கள். இருளர்கள் கையால் துழாவி இறால் பிடிப்பது அவர்களுடைய பிழைப்பு. நம் நேரத்துக்கு ஒருமுறை "பிடிச்சுக் காட்டுங்க" என்று கேட்பது அவமரியாதை.

காட்டையும் கோயிலையும் தனித்தனியாகக் காட்டுவது

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த மரத்தை ஊருக்குள் தேடாதீர்கள். அது நிற்பது இந்தக் காட்டில். காலையில் அதைக் காட்டியிருந்தால், சாயங்காலம் நடராசர் கோயிலில் தில்லை என்ற பேச்சு வரும்போது கேட்கிறவர் முகமே மாறும். எட்ட நின்று காட்டுங்கள், கிளையை ஒடிக்க விடாதீர்கள். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அரிக்கமேட்டுக்கு நேராகப் போவது

புதுச்சேரி பக்கத்தில், ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகம் அது. நேராகக் கூட்டிப் போனால் "இங்கே ஒன்றுமில்லையே" என்பார்கள். முதலில் புதுச்சேரி அருங்காட்சியகம். 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய இடம் அரிக்கமேடு என்று சொல்லி, அருங்காட்சியகத்தில் மணிகளையும் ரோமானிய ஜாடித் துண்டுகளையும் பார்க்க வையுங்கள். அப்புறம் அரியாங்குப்பம் ஆற்றங்கரை. அந்த மேடு அப்போது வெறும் மேடாகத் தெரியாது.

அங்கே மணி பொறுக்குவது

கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம்.

வடலூர்ச் சாப்பாட்டைக் கட்டணத்தில் சேர்ப்பது

1867-ல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாத தருமசாலை அது. அந்தச் சோற்றுக்குக் காசு வாங்காதீர்கள்.

சுனாமியைப் பற்றிச் சொல்லச் சொல்வது

2004-ல் இந்தக் காடு அலையின் வேகத்தை எப்படிக் குறைத்தது என்பதைப் படகிலேயே நீங்கள் விளக்கிவிடலாம். வேர்கள் கண்முன்னே இருக்கின்றன. அதை நிகழ்ச்சி நிரலில் போட்டு, சாப்பாடு போட்டவரை உட்காரவைத்து "அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் யார் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.