ஓ.பி. நோட்டை வைத்தே நோய்ப்பரவலைக் கண்டுபிடிக்கலாம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுத ஆரம்பித்த புதிதில், ஞாயிறுதோறும் காய்ச்சல் கூடுவதாகவே எனக்குத் தெரிந்தது. தோட்ட வேலைக்கு லீவு கிடைத்து ஆட்கள் வரும் நாள் அது என்று பிறகுதான் புரிந்தது. வந்த தேதியை மட்டும் எழுதினால் இப்படித்தான் ஏமாற வேண்டும்.

அதனால் முதல் வேலை, "உடம்புக்கு முடியாமல் போனது என்றைக்கு?" என்று கேட்டு அந்தத் தேதிக்குத் தனிக் கட்டம் போடுங்கள். வயது, ஆணா பெண்ணா, என்ன தொந்தரவு என்பதெல்லாம் வழக்கம்போல.

இரண்டாவது, இடம். "கோத்தகிரி" என்று மட்டும் எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. எந்த ஹட்டி (படகர் ஊர்), எந்த எஸ்டேட், எந்த லைன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), குடிக்கிற தண்ணீர் ஊற்றிலிருந்தா தொட்டியிலிருந்தா என்று கேளுங்கள், ஏனென்றால் இங்கே அடுத்தடுத்த லைன் வீடுகளுக்கே தண்ணீர் வேறு வேறு இடத்திலிருந்து வரும். சீசனில் வந்த சுற்றுலாக்காரர் என்றால் சொந்த ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, யாரை நோயாளி என்று எண்ணுவது என முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போயிருக்க வேண்டும். ஆளுக்கொரு அளவுகோல் வைத்தால் எண்ணிக்கைக்கு அர்த்தம் கிடையாது.

அப்புறம் வாரவாரம் எண்ணி எக்செல்லில் ஏற்றி, முந்தைய ஆண்டுகளின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் மழையே குழப்பிவிடும். கூடலூரில் கொட்டுவது தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு. ஆனால் காலரா, தட்டம்மை, 15 வயதுக்குள் திடீரென்று கைகால் தளர்ந்துபோன பிள்ளை, இதற்கெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ஒரே ஒருவர் வந்தாலும் அன்றைக்கே தகவல் போக வேண்டும்.

எண்ணிக்கை எகிறினால், நோய் தொடங்கிய தேதிவாரியாகப் பட்டை வரைபடம் போடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சட்டென்று ஏறி சட்டென்று இறங்கினால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே சாப்பாட்டையோ தண்ணீரையோ எடுத்திருப்பார்கள், இடைவெளி விட்டு அலையலையாக வந்தால் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது. மஞ்சள் காமாலையில், அது ஹெபடைடிஸ் ஏ என்றால், கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள், சராசரியாக 28 நாள் ஆகும். ஆக இன்றைய தண்ணீரைச் சோதிப்பதோடு நிறுத்தாமல், நாலு வாரம் முன்னால் அந்த லைனில் குழாய் உடைந்ததா, ஊற்றில் சாக்கடை கலந்ததா என்று விசாரியுங்கள்.

கடைசியாக, பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் சுகாதார ஆய்வாளருக்கோ கிராம சுகாதார செவிலியருக்கோ சொல்லிவிடுங்கள். 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் அறிகுறியை வைத்தே பதிய ஒரு படிவம், டாக்டரின் கணிப்புக்கு ஒன்று, ஆய்வக முடிவுக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்ததே, முடிவு வருவதற்கு முன்பே தகவல் போய்ச் சேரட்டும் என்றுதான். பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதானால் பெயர்களை எடுத்துவிடுங்கள். தொட்டியில் குளோரின் போட ஆள் வருகிறார் என்றால், அவர் கொட்டுவதற்கு முன்னால் பரிசோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.