இன்ஸ்டால் செய்த பிறகும் மாட்யூல் இல்லை என்கிறதா?

பைத்தானுக்கு நூலகங்களை (மாட்யூல்களை) நிறுவித் தரும் பிப் கருவியைப் போட்டு ரிக்வெஸ்ட்ஸ் என்ற நூலகத்தை இன்ஸ்டால் செய்தாயிற்று. நிரலை ஓட்டினால் மறுபடியும் ‘நோ மாட்யூல் நேம்டு ரிக்வெஸ்ட்ஸ்’. பெரும்பாலும் விஷயம் இதுதான்: கணினியில் இரண்டு மூன்று பைத்தான் இருக்கும். பிப் ஒன்றில் கொண்டுபோய் வைத்திருக்கும், நிரல் இன்னொன்றில் ஓடும்.

நிரலின் தொடக்கத்தில் சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்பதை பிரிண்ட் செய்து பாருங்கள். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று முழுப் பாதையும் வரும். அப்புறம் டெர்மினலில் வெறுமனே பிப் என்று ஆரம்பிக்காமல், அந்தப் பாதையை முன்னால் போட்டு ‘-எம் பிப் இன்ஸ்டால்’ என்று தொடர்ந்து, நூலகத்தின் பெயரைப் போடுங்கள். கூப்பிட்ட பைத்தானிலேயே போய் உட்காரும். நிரல் எழுத விஎஸ் கோடு எடிட்டரைப் பயன்படுத்துபவர்கள், அதில் தேர்வாகியிருக்கும் இன்டர்ப்ரெட்டரும் (நிரலை ஓட்டும் பைத்தான்) அதுதானா என்று பார்த்துவிடுங்கள்.

சில பெயர்களும் காலை வாரும். இம்போர்ட் செய்வது சிவி2, இன்ஸ்டால் செய்ய வேண்டியது ஓப்பன்சிவி-பைத்தான். யாமலுக்கு பையாமல்.

என் கதை வேறு. பழகிப் பார்க்க எழுதிய கோப்புக்கு ரேண்டம்.பை என்றே பெயர் வைத்துவிட்டேன். பைத்தானின் ரேண்டம் நூலகத்தில் இருக்கும் ரேண்ட்இன்ட் ஃபங்ஷன் இல்லவே இல்லை என்று பிழை வந்துகொண்டே இருந்தது. பைத்தான் முதலில் தேடுவது நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான். என் கோப்பையே நூலகம் என்று எடுத்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. பெயரை மாற்றியதும் சரியாகிவிட்டது.