வேலையை விடாமல் எல்.பி.என்.லிருந்து ஆர்.என்.: என் அனுபவம்

அமெரிக்காவில் எல்.பி.என். ஆக (உரிமம் பெற்ற நடைமுறை நர்ஸ்; கலிஃபோர்னியா, டெக்சாஸில் இதையே எல்.வி.என். என்பார்கள்) வேலை பார்த்துக்கொண்டே அதற்கு மேல்நிலையான ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) படிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், ஆனால் இடிக்கப்போவது பாடம் இல்லை, கிளினிக்கல் நேரம், அதாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. ஆன்லைன் என்று விளம்பரம் செய்யும் பிரிட்ஜ் படிப்பிலும் (எல்.பி.என்.கள் ஆர்.என். ஆவதற்கான படிப்பு) கிளினிக்கலுக்கு நேரில்தான் போக வேண்டும், அது பெரும்பாலும் வார நாளில் வரும்.

எனக்கும் அதுதான் ஷிஃப்டோடு மோதியது. பருவம் தொடங்குவதற்கு முன்பே கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, மேலாளரிடம் காட்டி, சனி ஞாயிறு 12 மணி நேர ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன். சம்பளம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை, வேலை கையில் இருந்தது. அப்புறம், முதலாளி தரும் படிப்பு உதவியை அவசியம் கேளுங்கள். ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அதற்கு மத்திய வருமான வரி கிடையாது, நிறையப் பேர் கேட்பதே இல்லை.

ஏற்கெனவே படித்து முடித்த உடற்கூறியல், நுண்ணுயிரியல் பாடங்களைப் பழைய மதிப்பெண் என்று சில கல்லூரிகள் ஏற்காது, சேருவதற்கு முன்பே எழுத்தில் உறுதி வாங்குங்கள். மாநில நர்சிங் வாரியம் அங்கீகரித்த படிப்புதானா என்பதையும் பாருங்கள்.

ஆர்.என். உரிமம் பெற எழுதும் என்க்ளெக்ஸ் ஆர்.என். தேர்வுதான் உண்மையில் கடினம். 85 முதல் 150 கேள்விகள், 5 மணி நேரம், 2023 ஏப்ரலிலிருந்து நோயாளியின் நிலையை வைத்துக் கேட்கும் கேஸ் ஸ்டடிகளும் உண்டு. எல்.பி.என். வேலையில் தகவலைக் கவனித்து ஆர்.என்.னிடம் சொல்லிப் பழகியிருப்போம், இங்கே முதல் மதிப்பீடும் முடிவும் நம்முடையது. ஷிஃப்டில் ஒவ்வொரு நோயாளியையும் பார்க்கும்போது 'யாரை முதலில் பார்ப்பேன், ஏன்?' என்று எனக்கு நானே கேட்டுப் பழகினேன், எந்தப் புத்தகத்தையும் விட எனக்கு உதவியது அதுதான்.