‘அன்டில்’ எங்கே வரும், எங்கே வராது

‘ஐந்து மணி வரை காத்திருப்பேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ வில் வெயிட் அன்டில் ஃபைவ்’. இதில் யாரும் தடுமாறுவதில்லை. ஒரு செயலோ நிலையோ தொடர்ந்துகொண்டிருக்கிறது, குறிப்பிட்ட நேரத்தில் முடிகிறது. அந்த முடிவைக் காட்டத்தான் அன்டில்.

‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்’ என்பது வேறு. அங்கே ‘சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று ஆகிவிடும். ‘பை ஃப்ரைடே’ என்பதே சரி. தமிழில் ‘வரை’யும் ‘க்குள்’ளும் தனித்தனியாகவே இருக்கின்றன, அதைக் கவனித்தாலே போதும். சந்தேகம் வந்தால் வினையோடு ‘கொண்டே இரு’ சேர்த்துப் பாருங்கள். ‘காத்துக்கொண்டே இரு’ பொருந்தும், அன்டில் போடலாம். ‘பரீட்சை ஃபீஸ் கட்டிக்கொண்டே இரு’ என்றால் சிரிப்புதான் வரும்.

நம்மை நிஜமாகவே கவிழ்ப்பது தமிழ் ‘வரை’யின் இரட்டை வேலை. ‘அப்பா வரும் வரை’ என்றால் அன்டில். ‘அப்பா இருக்கும் வரை’ என்றால் ‘அஸ் லாங் அஸ்’. ‘அப்பா உயிரோடு இருக்கும் வரை வீட்டை விற்கமாட்டேன்’ என்பதை ‘ஐ வோன்ட் செல் தி ஹவுஸ் அன்டில் மை ஃபாதர் இஸ் அலைவ்’ என்று சொன்னால், இறந்துபோன அப்பா எழுந்து வந்த பிறகு விற்பேன் என்று அர்த்தம்! வினை ஒரு நிகழ்ச்சியா (வருதல், முடிதல், மழை நிற்றல்), நீடிக்கும் நிலையா (இருத்தல், வாழ்தல்) என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

அடுத்த வழுக்கல், ‘அவர் கையெழுத்துப் போடாத வரை பணம் வராது’. தமிழில் எதிர்மறை இரண்டு இடத்தில் வருகிறது. ஆங்கிலத்தில் ஒன்றே போதும்: ‘யூ வோன்ட் கெட் தி மனி அன்டில் ஹி சைன்ஸ்’. ‘அன்டில் ஹி டஸ்ன்ட் சைன்’ தவறு. வருங்காலம்தானே என்று ‘அன்டில் ஹி வில் சைன்’ போடுவதும் தவறு.

‘கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்’ என்பதில் உள்ள ‘தான்’ ஆங்கிலத்தில் இப்படி வரும்: ‘தி ஷாப் டஸ்ன்ட் ஓபன் அன்டில் டென்’. திறக்காமல் இருப்பது பத்து மணி வரை தொடர்கிறது, ஆகவே முன் சொன்ன விதிக்குள்தான் இதுவும் அடங்கும். பேச்சில் இந்த அமைப்பையும் பயன்படுத்திப் பாருங்கள். பழகிக்கொண்டால் ஆங்கிலம் சட்டென்று இயல்பாகிவிடும்.

அளவுக்கும் தூரத்துக்கும் அன்டில் கிடையாது. ‘15 கிலோ வரை’ என்றால் ‘அப் டு’. ‘மதுரை வரை நடந்தார்’ என்றால் ‘அஸ் ஃபார் அஸ் மதுரை’.

‘டில்’லுக்கும் இதே பொருள்தான். அது அன்டிலின் சுருக்கம் அல்ல, அதைவிடப் பழைய சொல். எழுதும்போது டில்லுக்கு இரண்டு ‘எல்’, அன்டிலுக்கு ஒன்று.

லீவ் மெயிலில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளியன்று ஆள் இருப்பாரா, மாட்டாரா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். அமெரிக்கர்கள் ‘த்ரூ ஃப்ரைடே’ என்பார்கள், அதில் வெள்ளியும் சேர்த்தி. மற்றவர்களுக்கு எழுதும்போது ‘பேக் ஆன் மண்டே’ என்று திரும்பி வரும் நாளையே போட்டுவிடுங்கள்.