புளிக்க வைக்கப் பழைய பரணி, ஜாடி, டிரம் வாங்குவோர் பார்க்க வேண்டியவை

உப்பும் புளிப்பும் சேர்ந்த எதையும் மாதக்கணக்கில் ஒரு பாத்திரத்தில் வைத்தால், அதில் இருக்கும் குறை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். தண்ணீர் பிடித்து வைக்க நன்றாக இருந்த ஜாடி எலுமிச்சை ஊறுகாய்க்குக் கசியும். அரிசி கொட்டி வைத்த டிரம் மோரில் மண்ணெண்ணெய் வாடையைக் கொடுக்கும். அதனால் பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, "இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்பதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒயின், பீர் போடும் கண்ணாடிக் குடுவைகளும் காற்றுப்பூட்டுகளும் (உள்ளே சேரும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மூடிகள்) இப்போது பழைய சாமான் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ஒயினும் அதில் அடங்கும். அதே சாமான்களை ஊறுகாய், உப்புநீரில் போட்ட காய்கள், கொம்புச்சா (புளிக்க வைத்த டீ) ஆகியவற்றுக்கு நன்றாகப் பயன்படுத்தலாம். இங்கே சொல்வது அவற்றுக்கு மட்டும்.

பரணியில் தொடங்குவோம். நெல்லைப் பக்கம் பழைய பரணிக்குக் குறைவே இல்லை. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கரை ஊர்களில் பழைய வீடு ஒன்றை இடித்தாலோ பாகம் பிரித்தாலோ, மச்சில் கிடந்த பரணிகள் பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக இருக்கும் கனமான பரணிகளைத் தேடுங்கள். அதிக வெப்பத்தில் சுட்ட கற்பீங்கான் அது. உள்ளே பளபளவென்று சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு பூச்சு உள்ள அலங்கார ஜாடிகளை உணவுக்கு வாங்க வேண்டாம். குறைந்த வெப்பத்தில் சுட்ட வண்ணப் பூச்சில் காரீயம் இருக்க வாய்ப்புண்டு, புளிப்பு அதைக் கரைத்து எடுக்கும்.

பரணியைக் கையில் எடுத்ததும் அடியைத் திருப்பிப் பாருங்கள். பூச்சு இல்லாத அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அந்தப் பரணி உள்ளிருந்து கசிந்திருக்கிறது. கழுவிவிட்டு விற்பார்கள், ஆனால் அடியில் உள்ள நுண்துளைகளில் உப்பு ஒளிந்திருக்கும். நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்துக் காய விட்டால் மறுபடி பூக்கும். அடுத்தது விரல் முட்டியால் தட்டுவது. பரணியைத் தரையில் வைத்தபடி தட்டினால் நல்லதும் மந்தமாகத்தான் கேட்கும். கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தட்டுங்கள். நல்லது கணீரென்று ஒலிக்கும், கீறல் விழுந்தது கரகரக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கீறலுக்கு மஞ்சள் தூள் போதும். ஒரு தேக்கரண்டி மஞ்சளை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து உள்ளே சுற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து நன்றாகக் கழுவினால், பூச்சில் வலை போலப் பரவியிருக்கும் வெடிப்புகள் மஞ்சள் கோடுகளாகத் தெரியும். உள்பக்கம் இப்படிக் கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கோடுகளுக்குள் போன எண்ணெய் கசந்துபோகும், எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை போகாது. வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் பரவாயில்லை.

கடைசிச் சோதனையை வீட்டில்தான் செய்ய முடியும். அதனால் வாங்கும்போதே, "அண்ணாச்சி, மூணு நாள் உப்புத் தண்ணி ஊத்தி வச்சுப் பாக்கேன். கசிஞ்சா திருப்பித் தாரேன், சரியா?" என்று பேசிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டால் பேசும் விலையைக் கீழே இறக்குங்கள். 100 கிராம் உப்பை 900 மில்லி தண்ணீரில் கரைத்தால் பத்து சதவீத உப்புநீர் கிடைக்கும், அந்தக் கணக்கில் முக்கால் பரணி நிரப்பி, காய்ந்த செய்தித்தாள் மேல் வைக்க வேண்டும். வெறும் தண்ணீர் கசியாத இடத்திலும் உப்புநீர் வெளியே வந்து வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். எம்-சீல், சிமெண்ட் வைத்து ஒட்டிய பரணியைச் சோதிக்கவே வேண்டாம்.

கண்ணாடிக்கு வேறு கவனம். வாய் விளிம்பில் பஞ்சை ஒரு சுற்று ஓட்டினால் சில்லுப் போன இடத்தில் நூல் மாட்டும். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி தீங்கில்லை, நட்சத்திரம் போல் விரிந்த கீறல்தான் ஆபத்து. ரசாயனக் கடையிலிருந்தோ பரிசோதனைக் கூடத்திலிருந்தோ வந்த பெரிய குடுவைகளில் அமிலம் இருந்திருக்கலாம், தெரியாவிட்டால் எடுக்காதீர்கள். கை உள்ளே போகாத குறுகிய கழுத்துக் குடுவை விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அடியில் ஒட்டிய படிவைத் தேய்க்க வழியில்லாமல் போகும். தொடங்குவோர் கை நுழையும் வாயுள்ள 3 முதல் 5 லிட்டர் ஜாடியே வாங்கலாம். கொதிக்கும் தண்ணீரை நேராக ஊற்றினால் சாதாரணக் கண்ணாடி வெடிக்கும். வெதுவெதுப்பிலிருந்து படிப்படியாகச் சூடேற்ற வேண்டும்.

கொம்புச்சாவில் நுரை வரும்படி அடைத்து வைக்கப் பாட்டில் தேடுவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சதுரப் பாட்டில், மெல்லிய அலங்காரப் பாட்டில் எல்லாம் வாயு அழுத்தம் தாங்காது. சோடாவுக்கென்றே செய்த வட்டமான, கனமான பாட்டில்தான் சரி. அதிலும் அடி விளிம்பு தேய்ந்து வெளுத்திருந்தால் தள்ளிவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி தாண்டும் நாட்களில் வாயு வேகமாகச் சேரும்; நாள்தோறும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி விடுவது கட்டாயம்.

நீல டிரம்தான் எல்லோரும் ஏமாறும் இடம். 50 லிட்டர், 100 லிட்டர் டிரம் பழைய சாமான் கடைகளில் அடுக்கி இருக்கும், விலையும் கவர்ச்சியாக இருக்கும். அவற்றில் பல ரசாயனம் ஏற்றி வந்தவை. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் ஹெச்டிபிஇ என்று அர்த்தம். ஆனால் அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் சொல்லும், முன்பு என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. உணவுக்கான கோப்பை, முள்கரண்டிக் குறி இருந்தாலும் இதே நிலைதான். பழைய லேபிள் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். ஊறுகாய்க் கம்பெனி, எண்ணெய்க் கடை, ஹோட்டல் ஆகியவற்றிலிருந்து நேரடியாக வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வாங்கலாம். வாடை தெரிய, வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றி, மூடி இறுக்கி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து மோந்து பாருங்கள். பிளாஸ்டிக் வாடையைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதனால் சூட்டில்தான் வெளிவிடும். உள்ளே நகத்தால் உணரும் கீறல்கள் இருந்தால் கிருமி அங்கே தங்கும், தேய்த்தாலும் போகாது.

உலோகம் பற்றி மூன்று விஷயம். அலுமினியம் உப்பிலும் புளிப்பிலும் அரிக்கும். அதில் புளிக்க வைக்கவே கூடாது. பித்தளை, செம்புப் பாத்திரத்தில் ஈயப் பூச்சு தேய்ந்திருந்தால் பச்சைக் களிம்பு ஏறும். எவர்சில்வரில் 202 ரகம் உப்பில் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதால் 202-யும் அதைவிட உயர்ந்த 304-யும் பிரித்தறிய முடியாது. 304-கூட உப்புநீரில் நாளாகக் குழி விழும். எனவே எவர்சில்வரை டீ கொதிக்க வைக்க, ஜாடியைக் கழுவ, ஊற்றி மாற்ற வைத்துக்கொள்ளுங்கள், சேமிக்க வேண்டாம்.

சின்னச் சாமான்களில் எது பழையதாக வாங்கலாம், எது கூடாது என்பது தெளிவானது. காற்றுப்பூட்டு, ரப்பர் வாஷர், குழாய் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முழு ஜாடியையும் கெடுப்பதில் பயனில்லை. ஜாடியில் வைத்த திருகுக் குழாய் பித்தளையாக இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு பிளாஸ்டிக்கோ எவர்சில்வரோ மாற்ற வேண்டும். புளிப்பின் அளவைக் காட்டும் பிஹெச் மீட்டரைப் பழையதாக வாங்காதீர்கள். அதன் முனை காய்ந்து செத்திருக்கும். பிஹெச் தாள் போதும், உப்புநீரில் போட்ட காய்களுக்கு 4.6-க்குக் கீழே இறங்க வேண்டும் என்பதைப் பார்க்க.

எடைத் தராசைப் பழையதாக வாங்கலாம். பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு ஒரு லிட்டர் அளவுத் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 1000 கிராம் காட்ட வேண்டும். பின்பு 20 கிராம் அளவில் ஒன்றை வைத்துப் பாருங்கள், சிறிய எடையில் பொய் சொல்லும் தராசுகள் நிறைய.

ஹைட்ரோமீட்டர் பழையதாக நல்ல விலைக்குக் கிடைக்கும், உப்புநீரின் செறிவைப் பார்க்க உதவும். அதன் உள்ளே இருக்கும் காகிதத் தாள் இடம் நழுவிவிடுவது அடிக்கடி நடப்பது. சுத்தமான தண்ணீரில் மிதக்க விடுங்கள். 20 டிகிரித் தண்ணீரில் 1.000 காட்டும்படி சரிசெய்த கருவி நம் ஊர் 30 டிகிரித் தண்ணீரில் 0.997, 0.998 என்று காட்டினால் நல்லது, 1.005 காட்டினால் தாள் நழுவியிருக்கிறது. பத்து சதவீத உப்புநீரில் ஏறக்குறைய 1.070 வர வேண்டும். பாலுக்கான லாக்டோமீட்டர் அந்த அளவுக்கு எட்டாது.

வாங்கி வந்ததும் கழுவுவதற்கு ஒரு வரிசை உண்டு, மாற்றினால் வேலை கெடும். முதலில் வெறும் தண்ணீர். பிறகு எண்ணெய்ப் பிசுக்குக்கு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்த வெந்நீர், ஒரு ராத்திரி முழுக்க. போர் தண்ணீரின் வெள்ளைப் படிவுக்கு லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). அதையும் நன்றாகக் கழுவி எடுத்த பின்புதான் வாசனை கலக்காத பிளீச்சிங் திரவம்: 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, பத்து நிமிடம். பின்பு கொதித்து ஆறிய தண்ணீரால் இரண்டு முறை அலச வேண்டும். புளிப்பான எதுவும் மிச்சமிருக்கும்போது பிளீச்சிங்கை ஊற்றினால் குளோரின் வாயு எழும்பும், மூச்சடைக்கும். எவர்சில்வரில் பிளீச்சிங்கை ஊற வைக்காதீர்கள். கடைசியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் வாய் கவிழ்த்துக் காய வையுங்கள்.

விலை பேசும்போது புதியதன் பாதியைத் தாண்ட வேண்டாம். மூடி இல்லாத பரணிக்கு அதிலும் பாதி. மூடி பொருந்தாவிட்டால் துணியும் கயிறும் கட்டி ஒப்பேற்றலாம், ஆனால் ஊறுகாய்க்கு ஒட்டாத மூடி பூஞ்சைக்கு வழி விடும். கொள்ளளவை விற்பவர் சொல்லும் லிட்டரில் நம்பாதீர்கள், ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி எண்ணிக்கொள்ளுங்கள். எப்போதும் முக்கால் பாகமே நிரப்ப முடியும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

முதல் முறை பெரிய அளவில் போடாதீர்கள். புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மலிவாக வரும் நாளில் ஒரு கிலோ வாங்கி, 200 கிராம் உப்புடன் அந்தப் பரணியில் போட்டு வையுங்கள். பதினைந்து நாள் கழித்து அடியைத் துடைத்துப் பாருங்கள், ஒரு துண்டைச் சாப்பிட்டுப் பாருங்கள். வாடை ஏதும் இல்லை, கசிவும் இல்லை என்றால் அடுத்த முறை நாலு கிலோ போடலாம்.