தேய்ந்த வெள்ளிக் காசுக்கு ஆண்டு கண்டுபிடித்தேன்

இங்கிலாந்தின் சஃபோக்கில் நிலக்காரரிடம் அனுமதி வாங்கி, மெட்டல் டிடெக்டரோடு வயலில் நடந்தபோது கிடைத்த காசு இது. சுத்தியலால் அடித்து அச்சிட்ட வெள்ளி, ஓரமெல்லாம் கோணல்மாணல். தேய்க்கவில்லை, காய்ச்சி வடித்த நீரில் அலசியதோடு சரி.

ராணியின் தலைக்குப் பின்னால் ரோஜா இருந்ததால் முதலாம் எலிசபெத் காலத்தது. ஆனால் அந்த ரோஜா ஆறு பென்ஸிலும் உண்டு, மூன்று பென்ஸிலும் உண்டு. குறுக்களவு 26 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம். மூன்று பென்ஸ் அதில் பாதி எடைதான் வரும். ஆக, ஆறு பென்ஸ்.

பின்பக்கம், கேடயத்துக்கு மேலே '156' வரைதான் படிக்க முடிந்தது. கடைசி எண் மழுங்கிவிட்டது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும், சுற்றெழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு குட்டிக் கிரீடம் நிழலோடு எழுந்தது. அந்த நாணயச்சாலைக் குறி 1567 முதல் 1570 வரை புழங்கியது. அப்படியானால் 1567, 1568, 1569 இவற்றில் ஒன்று. அதற்கு மேல் ஊகிப்பது வீண்.

ஒற்றைக் காசு என்பதால் 1996 புதையல் சட்டத்துக்குள் வராது. ஆனாலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்யும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் அலுவலரிடம் காட்டிப் பதிந்தேன். அப்புறம் ஒன்று: பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும் 8 இலக்க வரைபட எண்ணைக் குழியருகே நின்றே குறித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் அடுத்த வயலுக்குப் போய்விடும்.